கம்ப்யூட்டர் ஒரு கோடும் போட்டதில்லை

போன வாரம் தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. ரோட்டுப் பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் முதலாண்டு நினைவஞ்சலிக்குப் படம் செய்யக் கொடுத்திருந்த ஒருவர் அதை வாங்க வந்தார். அவர் கொடுத்திருந்தது பழைய குரூப் போட்டோ. உப்புக்காற்றில் பூசணம் பூத்து, நடுவில் மடிந்து, அந்த மடிப்பு அப்பாவின் முகத்திலேயே ஓடியிருந்தது. இடது காது இல்லை, கன்னத்தில் பாதி இல்லை. வலது காதை நகலெடுத்துத் திருப்பி ஒட்டினால் முகம் பொம்மை மாதிரி ஆகிவிடும் என்று, வீட்டில் யாருக்கு அப்பாவின் காது வாய்த்திருக்கிறது என்று விசாரித்து, மூத்த மகனின் போட்டோவை வாட்ஸப்பில் வரவழைத்து, அதைப் பார்த்துப் பார்த்துக் காதை வரைந்திருந்தான் கடைத் தம்பி. திரையில் அந்த முகம் நிறைந்தபோது வந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்து அவர் சொன்னது இது:

“ஆயிரத்து ஐநூறா? என்ன தம்பி, நாலு தட்டு தட்டுனா கம்ப்யூட்டரே போட்ரும். ஐநூறு வச்சுக்கோ.”

“ரெண்டு ராத்திரி உக்காந்தேன் அண்ணாச்சி.”

“உக்காந்தது நீ. செஞ்சது கம்ப்யூட்டர்தானே?”

தம்பி ஐநூறை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைத் திறந்தான். எனக்குத்தான் ஆறவில்லை.

கம்ப்யூட்டரே போட்டுவிடும். தமிழ்நாட்டில் இந்த நம்பிக்கை இல்லாத ஆளைப் பார்க்க முடியாது. கல்யாண வீட்டுக்காரர் சொல்கிறார், கட்சிக்காரர் சொல்கிறார், திருவிழா மலர் போடுகிறவர் சொல்கிறார். படித்தவர்கள் இதையே கொஞ்சம் அலங்காரமாக, ‘கணினியில் செய்தது கலையாகுமா’ என்று கேட்கிறார்கள். தெருவில் சொன்னாலும் மேடையில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குக் கூலியும் வேண்டாம், பெயரும் வேண்டாம்.

இப்படிப் பேசுகிற எல்லாரையும் நான் கோவில்பட்டிக்குக் கூப்பிடுகிறேன். தூத்துக்குடி மாவட்டத்துக்குள் இருக்கிற ஊர்தான். அங்கேதான் சி. கொண்டையராஜு வாழ்ந்தார். 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்கு சீன் வரைந்துகொண்டே ஊர் ஊராகப் போனவர். அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாக லட்சம் லட்சமாக அச்சாகி, தமிழ்நாட்டின் பூஜை அறைகளுக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

அந்தப் படம் வீட்டுக்கு எப்படி வந்தது? ஓவியத்தை கேமரா வைத்துப் படமெடுத்து, நான்கு நிறங்களாகப் பிரித்து, நான்கு பிளேட் செய்து, ஆஃப்செட் மெஷினில் ஏற்றி, காகிதத்தை நான்கு நிறத்துக்கும் கொடுத்து எடுத்தார்கள். வீட்டில் தொங்கிய தாளில் கொண்டையராஜுவின் தூரிகை பட்டதே இல்லை. பட்டதெல்லாம் மெஷின்தான். ஆனாலும் அந்த முருகனுக்குச் சந்தனம் வைத்தோம், பூச்சரம் மாட்டினோம், வருஷம் முடிந்த பிறகும் தாளைக் கிழிக்க மனமில்லாமல் கண்ணாடி போட்டு மாட்டினோம். ‘சிவகாசி மெஷினே போட்டது’ என்று எந்தப் பாட்டியாவது சொன்னாளா? படத்தின் மூலையில் ஓவியரின் கையெழுத்து இருந்தது, வரைந்தவர் ஒரு மனிதர் என்று எல்லாருக்கும் தெரிந்தது. காலண்டருக்குத் தெரிந்த நியாயம் கம்ப்யூட்டருக்கு மட்டும் எங்கே மறைந்துபோகிறது?

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டையராஜுவின் கூட்டம் காலண்டர் மட்டும் செய்யவில்லை, போட்டோ ஸ்டூடியோவும் நடத்தியது. போட்டோவில் கெட்டதைத் திருத்தினார்கள், கறுப்பு வெள்ளைக்கு நிறம் ஏற்றினார்கள். டபிள்யூ.ஜி.சி. ரோட்டுத் தம்பி போட்டோஷாப்பில் செய்த அதே வேலை. கோவில்பட்டியில் அது கலை, தூத்துக்குடியில் அது நாலு தட்டா?

ஒரு நாள் சும்மா அந்தக் கடைகளில் போய் உட்காருங்கள். துறைமுகத்துக்குப் போகிற உப்பு லாரிக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற இடத்தில் உட்காருங்கள். ‘தூத்துக்குடி’ என்ற பெயரை லாரியின் முன்கண்ணாடிக்கு மேல் ஒட்ட வேண்டும். ஃபாண்டில் இருக்கிறபடியே அடித்து வெட்டினால் ‘தூ’வின் சுழியும் அடுத்தடுத்த ‘த்’, ‘து’வின் வால்களும் தூரத்தில் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு கறுப்புத் திட்டாகத் தெரியும். அதனால் டிசைனர் எழுத்தை கோரல்டிராவில் கோடுகளாக உடைக்கிறான். சுழியின் ஓரத்தில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்து இழுத்து வயிற்றை அகலப்படுத்துகிறான், ‘து’வின் வாலைக் குறைக்கிறான், மெய்யெழுத்தின் புள்ளியை ஒரு நூல் மேலே ஏற்றுகிறான். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான். திரும்பவும் வந்து இழுக்கிறான். பிளாட்டர் வெட்டித் தள்ளியதும் ஊசியால் வேண்டாத வினைலைக் கிள்ளி எடுக்கிறான், சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, உள்ளே காற்று நிற்காமல் வழிக்கிறான். கம்ப்யூட்டருக்கு ‘தூ’ என்றால் வெறும் எண்கள். அது லாரி டிரைவரின் ஊர்ப் பெயரின் முதல் எழுத்து என்று அதற்குத் தெரியாது.

பனிமய மாதா திருவிழாவுக்கு வாருங்கள். ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை ஊர் நிறைய பேனர். தங்கத் தேர் எல்லா வருஷமும் ஓடுவதில்லை. 2023-ல் ஓடியபோது எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்கத் தேர்ப் படம். ஃபிளக்ஸ் அச்சில் தங்கம் என்று ஒரு நிறம் கிடையாது, தெரியுமா? ஃபிளக்ஸ் மெஷினில் இருப்பது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. திரையில் ஜொலிக்கிற பொன்னிறம் பேனரில் மஞ்சள் காமாலை மாதிரி விழும். வெளிர்மஞ்சளில் ஆரம்பித்துக் காவிக்குப் போய், அங்கிருந்து பழுப்புக்கு இறங்கி, விளிம்பில் ஒரு கீற்று வெள்ளை விட்டால்தான் கண் அதைத் தங்கம் என்று நம்பும். எந்த இடத்தில் பழுப்பு, எந்த இடத்தில் வெள்ளை என்று கம்ப்யூட்டர் சொல்லாது. வெயிலில் நின்று தேரைப் பார்த்தவன்தான் சொல்வான்.

இந்தக் கடற்கரைக்கு இந்தப் பாடம் புதிதும் இல்லை. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரீக் அடிகளார் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சானது. இந்தியாவில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் புத்தகங்களில் ஒன்று. அன்றைக்கே தமிழ் எழுத்து ஈயத்துக்குப் போய்விட்டது. ஈயமா ஜெபம் எழுதியது?

முத்துக்கே வருகிறேன். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சுவாமி, சிப்பிக்குள் மணியை வைத்து முத்து விளைவித்தார். இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுவில் ஒரு துணுக்கு எடுத்து, உருண்டை மணியோடு சேர்த்து, சிப்பி சாகாமல் உள்ளே பதிக்க வேண்டும். கை ஒரு மயிரிழை பிசகினால் சிப்பி மணியைத் துப்பிவிடும், இல்லையென்றால் செத்துப்போகும். அதற்கு மேல் பளபளப்பைப் பூசியது சிப்பிதான். ஆனால் ‘உட்கார்ந்தது நீ, செய்தது சிப்பிதானே’ என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. விஞ்ஞானி என்று மதித்தோம். மவுஸைப் பிடித்தவனின் கைக்கு அந்த மதிப்பு கிடையாது, ஏனென்றால் அவன் படித்தது டிப்ளமோ, உட்கார்ந்திருப்பது தகரக் கூரைக்குக் கீழே.

இசையிலும் இதே கதை. 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது ‘எல்லாம் கம்ப்யூட்டர் மியூசிக்’ என்று டீக்கடையில் உதட்டைப் பிதுக்கியவர்களை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மானுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதே கம்ப்யூட்டரும் கீபோர்டும் அன்றைக்குக் காசு உள்ள எத்தனையோ வீடுகளில் இருந்தன. அந்த வீடுகளிலிருந்து ஏன் ஒரு ‘ரோஜா’ வரவில்லை? ஓவியர் டிராட்ஸ்கி மருது கையால் கோடு இழுப்பதில் பெரிய வித்தைக்காரர். அவர் தமிழில் முன்னோடியாகக் கணினிக்குப் போனார், கோடும் அவரோடு கூடவே போனது. இங்கிலாந்தில் டேவிட் ஹாக்னி எழுபது வயது தாண்டிய பிறகு ஐபேடில் வரைந்து, 2012-ல் லண்டன் ராயல் அகாடமியில் சுவர் நிறைய மாட்டினார். ஐபேட் கோடிக்கணக்கில் விற்றது. ஹாக்னி ஒருவர்தான்.

‘கையால் எழுதிய போர்டு போய்விட்டதே, ஃபிளக்ஸ் வந்து ஓவியன் வயிற்றில் அடித்துவிட்டதே’ என்று கண்ணீர் விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓவியன் வயிற்றில் அடித்தது ஃபிளக்ஸ் மெஷின் இல்லை. சதுர அடிக்கு எவ்வளவு குறைப்பாய் என்று நீங்கள் பேசிய பேரம். உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு ஓவியரையா கூப்பிட்டீர்கள்? அந்த ஓவியர்களில் பிழைத்தவர்கள் பலர் பிழைத்ததே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதால்தான். எழுத்தின் உடம்பு தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களிடமும் இன்றைக்கு ‘நாலு தட்டு’ என்கிறீர்கள். தூரிகை பிடித்தபோதும் கூலியைக் குறைத்தீர்கள், மவுஸ் பிடித்தபோதும் குறைக்கிறீர்கள். உங்கள் கவலை கலையைப் பற்றியது என்று நான் நம்பமாட்டேன்.

ஃபாண்ட் கதை இன்னும் கேவலம். ஒரு தமிழ் ஃபாண்ட் செய்ய ஒருவன் ஒவ்வொரு எழுத்தையும் மாதக்கணக்கில் இழைக்கிறான். அதைப் பென்டிரைவில் ஓசியில் வாங்கி, ஊர் முழுக்க அழைப்பிதழ் அடிக்கிறோம். எழுத்தும் தானாக வந்தது என்றுதானே நினைப்பு! அழைப்பிதழின் அடியில் அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும் வருகின்றன. வடிவமைத்தவன் பெயர் எங்கே? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், படைத்தவனுக்குத் தன் படைப்பைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. எத்தனை திருவிழாக் கமிட்டிகள் அதை மதிக்கின்றன? முன்பணம் கொடுக்காமல் வேலை வாங்கி, ‘விழா முடியட்டும் தம்பி’ என்று இழுத்து, பாக்கியை விழுங்குகிறவர்கள் உரிமையை மதிப்பார்களா?

இப்போது அந்த நம்பிக்கைக்கு ஏ.ஐ. என்று புதுச்சட்டை போட்டுவிட்டார்கள். 2025 மார்ச்சில் வீட்டுக் குழந்தை முதல் ஆட்டோ வரைக்கும் ஜிப்லி பாணிப் படமாக மாற்றிப் போட்டுக்கொண்டு, ‘பார்த்தீர்களா, ஓவியனே தேவையில்லை’ என்றார்கள். அந்தப் பாணி எங்கிருந்து வந்தது? ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோவில் ஹயாவோ மியாசாகியும் அவரோடு இருந்தவர்களும் தாள் தாளாகக் கையால் வரைந்ததிலிருந்து வந்தது. ஏ.ஐ. வரையவில்லை, வரைந்தவர்களை விழுங்கியிருக்கிறது. அங்கேயும் வேலை செய்தவன் மனிதன்தான், பெயரும் கூலியும் மட்டும் காணாமல் போயிருக்கின்றன. சமீபத்தில் முத்துக்குளிப்பவர் என்று ஏ.ஐ. போட்ட ஒரு போஸ்டரைப் பார்த்தேன். முதுகில் ஆக்சிஜன் சிலிண்டர், கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு முத்து, மேலே தமிழ் மாதிரி இருக்கிற, தமிழ் இல்லாத எழுத்து. அந்தக் காலத்தில் கல்லின் பாரத்தில் இறங்கியவனின் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவன் அவன் மச்சானாக இருக்க வேண்டும் என்று இந்த ஊரில் சொல்வார்கள், தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்று. அந்தக் கயிற்றை வரையத் தெரிந்த பையன்கள் தூத்துக்குடிக் கடைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்கள் காசு கேட்பார்கள்.

சிவகாசி மெஷின் ஒரு முருகனையும் வரையவில்லை. கொண்டையராஜு வரைந்தார். கம்ப்யூட்டரும் இன்றுவரை ஒரு கோடும் போட்டதில்லை. போட்டதெல்லாம் ஒரு பெண்ணோ ஆணோ, முதுகு வலிக்க, கண் எரிய உட்கார்ந்து போட்டது. ஆகவே, வேலை கொடுக்கும்போது பாதிப் பணம் முன்னால் கொடுங்கள். முடிந்ததும் பேரம் பேசாமல் மீதியைக் கொடுங்கள். அழைப்பிதழிலும் மலரிலும் பேனரிலும் செய்தவரின் பெயரைப் போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரே போட்டுவிடும் என்று அதற்குப் பிறகும் நம்புகிறவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து, அப்பாவின் காதை வரையச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம்.