கழுத்துக் கட்டியும் தண்டுத்துளைப்பானும்

போன மாசம் நாத்து பறிச்சிட்டு இருந்தப்ப சென்னையிலிருந்து தம்பி மகள் போன் பண்ணினா. "பெரியப்பா, எனக்குத் தைராய்டுல கேன்சராம்"னு ஒரே அழுகை. கம்பெனியில மாஸ்டர் செக்கப் போகச் சொன்னாங்களாம். அதோட சேர்த்து கழுத்துக்கும் ஸ்கேன் எடுத்திருக்காங்க. 6 மில்லிமீட்டர்ல ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததுல பாப்பில்லரி வகைன்னு வந்திருக்கு. அதுவரைக்கும் வலியும் இல்ல, கையில எதுவும் தட்டுப்படவும் இல்ல.

சேதி ஊருக்குத் தெரிஞ்சதும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. செல்போன் டவர், அயோடின் உப்பு, வயல்ல நாங்க அடிக்கிற மருந்து. மருந்து நல்லதுன்னு நான் சொல்ல வரல. ஆனா இந்த நோய்க்கு ரொம்ப உறுதியா தெரிஞ்ச வெளிக்காரணம், சின்ன வயசுல கழுத்துல படுற கதிர்வீச்சுதான். 1986ல செர்னோபில் அணு உலை வெடிச்சப்ப அயோடின்-131 புல்லுல படிஞ்சது. புல்லை மாடு தின்னது. அந்தப் பாலைப் பிள்ளைங்க குடிச்சாங்க. தைராய்டு சுரப்பிக்கு நல்ல அயோடின், கெட்ட அயோடின்னு பேதம் தெரியாது, ரெண்டையும் இழுத்துக்கும். பிறகு ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. மாடு வச்சிருக்கிறவன் நான், படிச்சப்ப வயிறு கலங்கிடுச்சு.

என் தம்பி மகள் விஷயம் வேற. தென்கொரியாவுல நடந்ததைப் பாருங்க. 1999க்கு அப்புறம் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போறவங்க, கொஞ்சம் காசு சேர்த்துக் கட்டி கழுத்து ஸ்கேனும் எடுத்துக்கிட்டாங்க. 2011ல அங்க தைராய்டு புற்றுநோய்னு கண்டவங்க எண்ணிக்கை 1993ஐ விட 15 மடங்கு. ஆனா அதனால சாகிறவங்க எண்ணிக்கை ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. அப்படின்னா என்ன அர்த்தம்? ஆயுசு முழுக்க சும்மா கிடந்திருக்கும் கட்டிகளைத் தேடிப் பிடிச்சு அறுத்திருக்காங்க. அறுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க காலம் பூரா மாத்திரை சாப்பிடணும். சிலருக்குக் குரல் போச்சு.

எங்களுக்கு வேளாண்மை அதிகாரிங்க பொருளாதார சேதநிலைன்னு ஒண்ணு சொல்லித் தருவாங்க. ரெண்டு தண்டுத்துளைப்பான் கண்ணுல பட்ட உடனே தெளிப்பானைத் தூக்காதே, நூத்துக்குப் பத்துத் தூர்ல நடுக்குருத்து காஞ்சாதான் மருந்து. பூச்சி இருக்கிறது வேற, பயிர் சேதம் ஆகிறது வேற. ஜப்பானில் கோபே நகரத்து குமா மருத்துவமனையில 1993லயே இந்தக் கணக்கைக் கழுத்துக்குப் போட்டாங்க. 1 சென்டிமீட்டருக்கு உள்ள இருக்கிற, நரம்பு பக்கமோ மூச்சுக்குழல் பக்கமோ ஒட்டாத, நெறிகட்டாத கட்டியை அறுக்காம, ஸ்கேன் வச்சுக் கண்காணிச்சாங்க. பத்து வருஷத்துல 3 மில்லிமீட்டருக்கு மேல வளர்ந்தது நூத்துக்கு எட்டுப் பேருக்குத்தான். வளர்ந்தவங்களுக்கு அப்புறமா ஆபரேஷன் பண்ணியும் நல்லாவே இருந்தாங்க.

அதுக்காகக் கட்டியை அலட்சியம் பண்ணலாம்னு இல்ல. எங்க அக்காவுக்குப் புளியங்கொட்டை அளவுல வெளியில தெரிஞ்சது. சாமி கயிறு கட்டி, பத்து போட்டு ரெண்டு வருஷம் ஓட்டினோம். எலுமிச்சங்காய் அளவாகி, குரல் கம்மினப்பதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சுரப்பியை முழுசா எடுத்துட்டு, மிச்சத்தை அழிக்க அயோடின்-131 கொடுத்து, தனி ரூம்ல வச்சாங்க. செர்னோபில் பிள்ளைகளைக் கெடுத்த அதே பொருள்தான் எங்க அக்காவைக் காப்பாத்துச்சு. பன்னெண்டு வருஷமாச்சு. தினம் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை போட்டுட்டு நடவுக்கு வர்றா. அந்த ரெண்டு வருஷத் தாமதம்தான் இன்னமும் எனக்கு உறுத்துது.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். கழுத்துல கட்டி தட்டுப்பட்டாலோ, குரல் மாறி வாரக்கணக்குல சரியாகலைன்னாலோ, ஒரு நாளும் தள்ளிப்போடாதீங்க. சின்ன வயசுல கழுத்துக்குக் கதிர் சிகிச்சை எடுத்தவங்களும், குடும்பத்துல இந்த நோய் உள்ளவங்களும் டாக்டர்கிட்ட அதைச் சொல்லிடுங்க. இதெல்லாம் எதுவுமே இல்லைன்னா, பேக்கேஜ்ல சேர்த்துத் தர்றாங்கன்னு கழுத்து ஸ்கேன் எடுக்காதீங்க. சின்னக் கட்டி எதுவும் தெரிஞ்சுட்டா, "இதை உடனே அறுக்கணுமா, கண்காணிக்கலாமா"ன்னு ஒரு கேள்வி கேளுங்க.

தம்பி மகள் கேட்டா. ரெண்டாவதா பார்த்த டாக்டர், ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுத்துட்டு வாம்மான்னு அனுப்பிட்டார். அறுவடைக்கு ஊருக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா.