கறுப்பு ஏறினால் துரு ஏறாதாம்

"சித்தப்பா, இதைப் பூசித் துடைச்சா அப்பப்பாவின்ர துவக்குக்கு இனித் துருவே வராது." வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுத்த கோல்ட் புளூ என்ற, இரும்பைக் கறுக்கவைக்கும் திரவப் போத்தலைக் காட்டி என் பெறாமகன் சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. இப்படிச் சொல்பவன் அவன் ஒருவன் மட்டுமல்ல. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் கேற்றுக்குப் பெயின்ற் அடிப்பவர் தொடங்கி, வயற்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கும் கமக்காரர் வரை எல்லாரிடமும் இந்த எண்ணம் இருக்கிறது. இரும்பு கறுத்துவிட்டால் காப்பாற்றப்பட்டுவிட்டதாம்.

அப்படியானால் வீட்டுத் தோசைக்கல்லைப் பாருங்கள். அதைவிடக் கறுத்த இரும்பு எந்த வீட்டில் இருக்கிறது? கழுவி ஈரத்தோடு ஒரு இரவு கவிழ்த்து வையுங்கள், விடிய விளிம்பில் செம்மஞ்சள் படிந்திருக்கும். தோசைக்கல்லை இத்தனை வருடம் காத்தது அதில் ஊறிய எண்ணெய்.

போத்தலுக்குள் இருப்பது செலீனியம் ஈரொட்சைட்டும் செப்புச் சல்பேற்றும் அமிலமும். இரும்பின் மேல் அது செப்பு செலனைட்டை மெல்லிய படலமாகப் படியவைக்கிறது. நிறம் உடனே வரும், ஆனால் உறையில் உரசினாலே தேய்ந்துவிடும், துருவையும் தடுக்காது. கீறல் ஒன்றை மறைப்பதற்கு நல்ல சாமான். முழுக் குழலையும் அதை நம்பிச் சுரண்டி வெறுமையாக்குவது மடமை.

உண்மையான நீலக்கறுப்பு வேறு சங்கதி. அது இரும்பிலேயே வளரும் மக்னடைட் என்ற கறுப்பு ஒட்சைட்டு. பழைய முறையில் குழலை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் அவிப்பார்கள். சிவப்புத் துரு கறுப்பாக மாறும். மேலே நிற்கும் தூளைத் தேய்த்தெடுத்துவிட்டு, மறுபடி துரு, மறுபடி கொதிநீர். நாட்கணக்கான வேலை. தொழிற்சாலைக்காரர் சோடியம் ஐதரொட்சைட்டும் நைத்திரேற்றும் கலந்த உப்புக் கரைசலை ஏறக்குறைய 140 பாகை செல்சியசில் கொதிக்கவைத்து அதற்குள் அமிழ்த்துவார்கள். அந்தக் கரைசல் இரட்டைக்குழல் துவக்கின் குழல்களை ஒட்டிவைத்திருக்கும் ஈயப்பற்றையே அரித்துவிடும் என்பதால், பழைய இரட்டைக்குழலுக்குத் துருவும் கொதிநீரும்தான் சரி. இவ்வளவு பாடுபட்டு வந்த கறுப்புக்கும் எண்ணெய் வேண்டும். தோசைக்கல்லுக்கு வேண்டியதே அதற்கும் வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டுவார்கள். "வெள்ளைக்காரன் அடிச்ச பெயின்ற், இன்னும் நிக்குது பார்." இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் கட்டத் தொடங்கிய தாங்கிகள் அவை. காட்டுக்குள் கைவிடப்பட்டவற்றைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை செக்கச்செவேலென்று துருவேறி நிற்கின்றன. நிற்பதற்குக் காரணம் தகட்டின் கனம். வெள்ளைக்காரன் செய்தது எல்லாம் மந்திரம் என்ற அடிமைப்புத்திதான் இன்றைக்கு வெளிநாட்டுப் போத்தலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திருகோணமலையின் உப்புக்காற்றுக்கு நிறம் தெரியாது. உப்பு ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் பிடித்துவைக்கும், குளோரைட்டு உட்புகுந்து குழி குழியாக அரிக்கும். துருவின் மேலேயே கறுப்புப் பெயின்றை அப்பினால் அரிப்பு உள்ளே நடக்கும், நமக்குத் தெரியாது. ஓர்ஸ் ஹில்லில் எத்தனை பல்கனிக் கம்பிகள் பெயின்றுக்குள்ளேயே உளுத்துப் பொரிந்து கிடக்கின்றன! மாரிக்கு முன் உப்பைக் கழுவித் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசு என்று சொன்னால் அது வேலையாகத் தெரிகிறது. போத்தல் என்றால் சுகம். அந்தச் சுகத்துக்காகத்தான் மெருகு தெரிந்த பழைய கம்மாலைக்காரரை வேலையில்லாமல் உட்காரவைத்தோம்.

இதைவிட மோசமானது கழுவிய நீர். செலீனியம் நஞ்சு, போத்தலிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. அதைக் கிணற்றடியில் வைத்துப் பூசி, கிணற்றடியிலேயே அலசி ஊற்றுகிறார்கள். அதே கிணற்றில்தான் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் அள்ளுகிறோம்.