சுந்தரவனக் கடைமடைக்கும் கங்கைத் தண்ணீர் வேண்டும்

இந்தியாவும் வங்கதேசமும் 30 ஆண்டுகளுக்கென 1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்திட்ட கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் சுந்தரவன அலையாத்திக் காட்டுக்கெனத் தனிப் பங்கு எழுதப்பட வேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

பழைய ஒப்பந்தம், ஜனவரி முதல் மே வரை ஃபராக்கா தடுப்பணைக்கு வந்துசேரும் தண்ணீரை அளந்து பிரிக்கிறது. வரத்து விநாடிக்கு 70,000 கனஅடியோ அதற்குக் குறைவோ என்றால் ஆளுக்குப் பாதி. காட்டுக்கெனத் தனியாக எதுவும் குறிக்கப்படவில்லை.

இரு நாடுகளிலும் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரந்த அந்தக் காட்டில் எந்த உயிர் எங்கே வாழும் என்பதை, ஆற்று நன்னீர் குறையும்போது ஏறும் உப்பின் அளவுதான் முடிவு செய்கிறது. காட்டுக்கே பெயர் தந்ததாகச் சொல்லப்படும் சுந்தரி மரம், உப்பு குறைந்த கிழக்குப் பகுதியில்தான் ஓங்கி வளரும். உப்பு ஏறிய இடங்களில் அது நுனியிலிருந்து கருகிவருகிறது. அங்கெல்லாம் பரவுவது கேவா. பிச்சாவரத்தில் நாம் தில்லை என்கிறோமே, அதே மரம். தில்லை மீது நமக்குக் குறையில்லை. சுந்தரி நின்ற இடத்தில் அது நிற்பதுதான் கவலை.

ஆற்றிலும் இதே கதைதான். கங்கை டால்பின் உப்பு குறைந்த நீரோடு நின்றுவிடும். ஐராவதி டால்பின் உப்பேறிய முகத்துவாரங்களில் உலவும். கோடையில் கடல்நீர் மேலேறி வரும்போது கங்கை டால்பினுக்கு இடம் சுருங்குகிறது.

இப்படி உப்பு ஏறுவதற்கு, 1975-இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா தடுப்பணை மீது மட்டும் பழி போட மாட்டோம். வங்கதேசப் பகுதிக் காட்டுக்கு நன்னீர் கொண்டுவரும் கோராய் ஆறு, கங்கையிலிருந்து பிரியும் இடத்திலேயே வண்டல் மேடிட்டுக் கோடையில் வறள்கிறது. ஆகவே ஃபராக்காவில் அளந்தால் போதாது. கோராய்த் தலைப்பிலும் அளக்க வேண்டும். காட்டுக்கான குறைந்தபட்ச நீரை ஒதுக்கிய பிறகே மீதியைப் பங்கிட வேண்டும்.

ஆற்றுநீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. காவிரிக் கடைமடைக்குத் தண்ணீர் கேட்டுக் குரல் கொடுத்த மண்ணிலிருந்து பேசுகிறோம். கங்கையின் கடைமடை அந்தக் காடு.

பேச்சுவார்த்தைக் குழுக்களில் பொறியாளர்களோடு காட்டுயிர் அறிஞர்களையும், அங்கே மீன்பிடித்தும் தேனெடுத்தும் பிழைக்கும் மக்களின் பிரதிநிதிகளையும் சேர்க்குமாறு இரு அரசுகளையும் கேட்டுக்கொள்கிறோம்.