கையெழுத்துப் போட்டால்தான் காசா?

2025 ஜூன் மாதத்தில் கூமாப்பட்டியின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. பிளவக்கல் அணையையும் அதன் தண்ணீரையும் பார்க்க எங்கெங்கிருந்தோ ஓடி வந்தார்கள். நல்லது, வரட்டும். ஆனால் வந்தவர்களில் எத்தனை பேர் ஊர்ப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தார்கள்? நாம் பார்க்கச் சொல்வது அதைத்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையடியில், வத்திராயிருப்பு ஒன்றியத்தில் இருக்கிறது கூமாப்பட்டி. இத்தகைய ஊர்களில் விவசாயக் கூலியின் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஒன்றியந்தோறும் உள்ள வட்டார வள மையம்தான் அந்தக் கை. அதன் ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளி பள்ளியாகப் போய் உபாத்தியாயர்களுக்குத் துணை நிற்கிறார்கள். படிப்பை விட்டு நின்ற பிள்ளையைத் தேடி வீட்டு வாசற்படி ஏறுகிறார்கள். எழுந்து நடக்க முடியாத குழந்தைக்குச் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்கிறார்.

இந்தக் கையைத்தான் மத்திய சர்க்கார் முறுக்குகிறது!

வட்டார வள மையங்களை நடத்துவது 2018-இல் உருவான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். செலவில் 100-க்கு 60 மத்திய சர்க்காருடையது, 40 மாநிலத்துடையது. 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட தொகை 3,586 கோடி ரூபாய். இதில் மத்தியப் பங்கு 2,152 கோடி. அந்த ஆண்டு முடிந்தும் அதில் ஒரு காசு வரவில்லை. காரணம் என்ன? கணக்கில் பிழையா? இல்லை. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமாம்; அதன் வழியே 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டுமாம்! 2025 பிப்ரவரியில் மத்தியக் கல்வி மந்திரி தர்மேந்திர பிரதான் காசியில் நின்று இதை ஒளிவுமறைவின்றியே சொன்னார்.

யார் வீட்டுப் பணம் இது? கல்விக்கென்று 2004 முதல் தனி வரி வசூலிக்கிறார்கள். அந்த வரியை மாநிலங்களோடு பங்கிட்டுக் கொள்ளவும் வேண்டியதில்லை. முழுவதும் தில்லி கஜானாவுக்கே போகிறது. ஜனங்களிடம் வாங்கிய பணத்தை ஜனங்களின் பிள்ளைகளுக்குத் தர ஜாமீன் கேட்பது எந்த ஊர் நியாயம்?

இந்த நிறுத்தம் நியாயமல்ல என்று நாமா மட்டும் சொல்கிறோம்? நாடாளுமன்றத்தின் கல்வி நிலைக்குழுவே 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. தமிழக அரசு 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டின் படியேறியது. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குரிய 25 சத இடங்களுக்கான சேர்க்கை, ஜூனில் பள்ளி திறந்தும் தொடங்கவில்லை. அக்டோபரில் நிதியின் ஒரு பகுதி வந்த பிறகே தொடங்கியது. அதே அக்டோபரில், இடதுசாரி அரசு நடந்த கேரளத்தையே இந்த நெருக்கடி கையெழுத்துப் போட வைத்தது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அங்கே ஒப்பந்தத்தை நிறுத்திவைக்க முடிவு செய்தார்கள். பட்டினி போட்டுப் பணிய வைக்கும் வித்தை இதுதான்.

1976-இல் அவசர நிலையின் இருட்டில் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று பறித்த அதிகாரம்தான் இன்று சாட்டையாக ஓங்கி நிற்கிறது.

மாநில அரசையும் நாம் கேட்கிறோம். 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தினீர்கள். ஓவியமும் உடற்பயிற்சியும் கற்றுத் தரும் அவர்கள், பணி நிரந்தரம் கேட்டு ஆண்டாண்டாய்த் தெருவில் நின்றார்களே! தில்லியின் அநீதியைக் காட்டி உங்கள் கடமையை மறைக்காதீர்கள்.

நாம் கோருவது இவை: நிறுத்திய நிதியை வட்டியோடு கொடு! நிதிக்கும் கொள்கைக்கும் முடிச்சுப் போடாதே! கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்பு! வட்டார வள மைய ஊழியர்களையும் பகுதிநேர ஆசிரியர்களையும் நிரந்தரமாக்கு!

விருதுநகர் ஜில்லாவின் பெற்றோர்களே, உபாத்தியாயர்களே! பள்ளி மேலாண்மைக் குழு உங்களுடையது. அதைக் கூட்டுங்கள், தீர்மானம் போடுங்கள், வீதிக்கு வாருங்கள். பிளவக்கல் தண்ணீரை மடை திறந்தால்தான் வயலுக்குக் கொண்டுவர முடியும். இந்த மடையையும் நாம்தான் திறந்தாக வேண்டும்.