திரைக்கும் ஓர் எல்லை வேண்டும்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன் ஏலத்தோட்டக் கூலியாளர் வண்டியேறிப் போடிமெட்டு வழியே கேரளத்து இடுக்கி மலைகட்குச் செல்கின்றனர். பொழுது சாய்ந்தே திரும்புகின்றனர். பள்ளிவிட்டு வீடு சேரும் பிள்ளைக்கு அதுவரை காவல் யார்? கைப்பேசியே. உழைத்துக் களைத்து வரும் தாயைக் குறைகூறிப் பயனில்லை. அக் கருவியைப் பாடக்கருவியாக்கிப் பிள்ளை கையில் தந்தது பள்ளியே என்பதை ஆசிரியராகிய யாம் முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பெற்றன. அற்றை நிலையில் வேறு வழியில்லை. 2019-இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் பாடம் சென்றது. 2020 சூலையில் நடுவணரசு அதற்கோர் எல்லையும் வகுத்தது: 8-ஆம் வகுப்புவரை நாளொன்றுக்கு இரண்டு அமர்வு, 9 முதல் 12 வரை நான்கு, அமர்வொன்றுக்கு 30 முதல் 45 மணித்துளி. ஆகச் சிறுவர்க்கு மிகுதியாகப் போனால் ஒன்றரை மணிநேரம். பள்ளிக் கதவுகள் அடைபட்டிருந்த காலத்திற்கே இஃது எல்லை! கதவு திறந்து ஆண்டுகள் பல கடந்தும் வீட்டுப்பாடத்தைக் கைப்பேசிக் குழுவில் இடுகின்றோம்; பின்னர்ப் 'பிள்ளை கைப்பேசியும் கையுமாய்த் திரிகின்றான்' எனப் பெற்றோரிடம் முறையிடுகின்றோம். இது முறைதானா?

பிரான்சு நாடு 2018-இலேயே தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் கைப்பேசியைச் சட்டத்தால் விலக்கிற்று. கற்றலுக்கு நன்மை பயக்குமிடத்து மட்டுமே கருவி வேண்டும் என்பது யுனெசுகோவின் 2023-ஆம் ஆண்டறிக்கை.

திரை தின்பது பொழுதை மட்டுமன்று. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகிய மாணவன், மலையடியிலேயே பிறந்து வளர்ந்தும், விடைத்தாளில் மலைக்கும் மழைக்கும் எழுத்து வேறுபாடு அறியாது தடுமாறுகின்றான். யாம் கருவியை வெறுப்பேம் அல்லேம். தமிழெழுத்தில் தட்டவும் சொற்பொருள் தேடவும் அவன் கற்கத்தான் வேண்டும்; அது பள்ளியில், ஆசிரியர் கண்முன், குறித்த பொழுதில் நிகழட்டும்.

செய்யத்தக்கன மூன்று. வீட்டுப்பாடம் கரும்பலகையிலும் குறிப்பேட்டிலும் மட்டுமே அமைக. திரைப்பாடம் எத்துணைப் பொழுது என்பதைப் பள்ளி முன்னரே பெற்றோர்க்கு அறிவிக்க. மலையேறியோர் இறங்கிவரும்வரை பள்ளி நூலகம் மாலையில் ஒரு மணிநேரம் திறந்திருக்க.

அவ்வொரு மணிநேரத்தை யார் தருவது? ஆசிரியத் தோழர்களே, யாம்தாம் தரல் வேண்டும். பிள்ளையின் கையிலிருந்து திரையை வாங்குவோர் அக்கையில் நூலொன்றைத் தாராது போவாராயின், வெறுங்கை மீண்டும் திரையையே நாடும்.