இழுத்தால் போதுமா?

பிரான்சில் மகள் வீட்டுக்குப் போயிருந்த கோடையில், மாப்பிள்ளை பழைய கேரவன் ஒன்று வாங்கியிருந்தார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு. "எஞ்சின் நல்ல சக்தி மாமா, எதையும் இழுக்கும்" என்றார்.

நான் குமாஸ்தா. காகிதம் பார்க்காமல் நம்பமாட்டேன். இரண்டு வண்டியின் 'கார்த் கிரீஸ்'களையும் வாங்கிப் படித்தேன். சிறுவயதில் படித்த பிரெஞ்சு கைகொடுத்தது. கார் வெறும் எடை 1,400 கிலோ. கேரவன் வெறும் எடை 1,050, சுமையோடு 1,300 வரை போகலாம். காரின் உச்ச எடை 1,900. இரண்டும் சேர்ந்து 3,200. சாதாரண லைசென்ஸுக்கு வரம்பு 3,500. சட்டப்படி தப்பில்லை.

ஆனால் இழுப்பதா பிரச்சினை? இறக்கத்திலும் பக்கக் காற்றிலும் பின்னால் வருவது முன்னால் போவதை ஆட்டிவைக்கும். அதனால்தான் புதிதாக இழுப்பவருக்கு, சுமையேற்றிய கேரவன் காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். இங்கே அது 1,190 கிலோ.

எடைமேடையில் ஏற்றினோம்: 1,290! முகம் சுளித்தாலும் மாப்பிள்ளை கேட்டார். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தோம். 40 கிலோ போனது. கூடாரம், சைக்கிள்கள் வீட்டிலேயே நின்றன. மிச்சப் பாரத்தைத் தரையோடு, சக்கரத்துக்கு நேராக வைத்தோம்.

பேரப்பிள்ளைகள் அந்தக் காரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் அனுமதிப்பது வேறு, பத்திரம் வேறு என்பது என் கருத்து. பிரான்சில் பிள்ளைகள் இருப்பவர்கள், அடுத்த போனில் இதைச் சொல்லிவையுங்கள்.