எடைக்கு எடை

நெடுந்தூரப் பயணம் என்றால் நம் வீடுகளில் சாமான் சேர்க்க ஆரம்பிப்போம். காசிக்குப் போகிறவர் கூஜாவிலிருந்து கோணி ஊசி வரை எடுத்துக்கொள்வார். அமெரிக்காவில் அப்பலாச்சியன் டிரெயில் நடக்கப் போகிறவர்கள் இதில் நேர் எதிர். சாமானைக் கழிக்க ஆரம்பிக்கிறார்கள்.

அது என்ன டிரெயில் என்பீர்கள். ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, வடக்கே மெய்ன் மாநிலத்து கட்டாடின் மலையில் முடிகிற காட்டுப் பாதை. 14 மாநிலங்கள், சுமார் 3,500 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து கிளம்பினால் டெல்லியைத் தாண்டிவிடலாம். ஒரே தடவையில் நடந்து முடிக்க ஐந்திலிருந்து ஏழு மாசம். கிளம்புகிறவர்களில் நாலில் ஒருவர்தான் முடிக்கிறாராம்.

என் அக்கா மகன் அட்லாண்டாவில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இதற்குக் கிளம்பினான். வழியனுப்ப அக்கா போனாள். அக்காவுக்குத் துணையாக நான்.

ஹால் நடுவில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு. சாக்ஸ், ஸ்பூன், டார்ச் என்று ஒவ்வொன்றையும் நிறுத்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்தான். பர்ஸுக்குப் பதில் ஒரு ரப்பர் பேண்ட்.

"என்னடா, தங்கம் நிறுக்கிற மாதிரி?"

"மாமா, ஒரு நாளைக்கு முப்பதாயிரம் அடி எடுத்து வைக்கணும். ஒவ்வொரு அடிக்கும் இதைத் தூக்கணும்."

சாப்பாடு, தண்ணீர் நீங்கலாக மொத்தமும் எட்டு கிலோவுக்குள் அடங்க வேண்டுமாம். கூடாரம், படுக்கைப் பை, மழைக்கோட்டு, தண்ணீர் ஃபில்டர் எல்லாம் அதில் அடக்கம். அலட்சியமாகக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு முதல் 50 கிலோமீட்டரில் நீல் கேப் என்ற இடத்தில் ஒரு கடை இருக்கிறது. அங்கே மூட்டையைப் பிரித்து, வேண்டாததைத் தபாலில் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

அக்கா கொண்டுபோன ஈரிழைத் துண்டு முதல் ரவுண்டிலேயே அவுட். பருத்தி நனைந்தால் லேசில் காயாது; மார்ச் மாச மலைக்குளிரில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், உயிருக்கே ஆபத்து என்றான். கம்பளி சாக்ஸுக்கு அனுமதி. ஷூ ஒரு சைஸ் பெரிசு, மாசக்கணக்கில் நடந்தால் பாதம் வீங்கும் என்பதால்.

ஒரு குட்டி மண்வாரியும் இருந்தது. "செடி நடப் போறானா?" என்றாள் அக்கா. தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, அரையடி ஆழத்துக்குக் குழி தோண்டி, காரியம் முடிந்ததும் மூட வேண்டும் என்று நான்தான் நாசூக்காக விளக்கினேன். செம்போடு ஆற்றங்கரைக்கே போன நம் தாத்தாக்களிடம் யாராவது இந்த 60 மீட்டரைச் சொல்லியிருக்கலாம்.

அக்காவின் கவலை கரடி. ராத்திரி சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காமல், தள்ளி ஒரு மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டுவிடுவேன் என்றான். பற்பசையும் அந்தப் பையில்தான்.

"பேஸ்ட்டைக்கூடவா தின்னும்?"

"வாசனைக்கு வரும்மா."

இந்த பதில் அக்காவுக்குத் தைரியம் தரவில்லை. தேற்றுவதற்காக எம்மா கேட்வுட் பாட்டியின் கதையை எடுத்துவிட்டேன். ஒஹையோக்காரர். 11 பிள்ளைகள். அடித்து நொறுக்கிய கணவரை விவாகரத்து செய்தவர். 1954-ல் மெய்ன் பக்கமிருந்து நடக்க ஆரம்பித்து, வழி தவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து திரும்பினார். விடவில்லை. 1955-ல் 67 வயசில், வாக்கிங் போகிறேன் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஜார்ஜியாவிலிருந்து கிளம்பி, முழுப் பாதையையும் தனியாக நடந்து முடித்தார். கூடாரம் இல்லை, படுக்கைப் பை இல்லை. தானே தைத்த துணிப்பை, ஒரு போர்வை, மழைக்கு பாத்ரூமில் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் திரை, காலில் கான்வாஸ் ஷூ.

நான் எதிர்பார்த்தது ஆச்சரியம். அக்கா கேட்டதோ, "பாவம், அந்தப் பிள்ளைங்க எவ்வளவு தவிச்சிருக்கும்!" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இவன் சொல்லிட்டாவது போறான்" என்றாள்.

அதன் பிறகு அக்கா சமையலறையைக் கைப்பற்றினாள். நாலைந்து நாளுக்கு ஒரு தடவை பாதையை விட்டு இறங்கி ஏதாவது ஊரில் சாப்பாடு வாங்கிக்கொள்ளலாம். கடை சரியில்லாத ஊர்களில், அங்குள்ள போஸ்ட் ஆபீஸுக்குத் தன் பேருக்கே முன்கூட்டிப் பார்சல் அனுப்பி வாங்கிக்கொள்ளலாம். நடக்கிறவனுக்குத் தினம் 4,000 கலோரியாவது செலவாகும். அவல், சத்துமாவு, பருப்புப்பொடி, வேர்க்கடலை எல்லாம் தராசுக்கு வந்தன. வேர்க்கடலைக்கு முதல் மார்க். அவலுக்கு அடுப்பே வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும் என்று தெரிந்ததும் பையன் அம்மாவை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தான். எட்டுப் பார்சல் கட்டினோம்.

கிளம்பும் முன்னால் கடைசி எடை. 7 கிலோ 900. அக்கா புடவைத் தலைப்பிலிருந்து குலதெய்வக் கோயில் விபூதிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். தராசில் வைத்தான். நாலு கிராம். நோட்டில் எழுதாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அக்கா உடனே ஊறுகாய் பாட்டிலை எடுத்தாள்.